நாலாவது சொம்பில் வரும் வலிப்பு

எண்ணெய் தேய்த்து ஊறவைத்த தலை. பக்கெட்டில் ஆவி பறக்கும் வெந்நீர். முதல் சொம்பு, இரண்டாவது, மூன்றாவது என்று வேகவேகமாகத் தலையில் விழுகிறது. நாலாவது சொம்புக்குக் கை நீளும்போது பையனின் பார்வை ஓரிடத்தில் குத்திட்டு நிற்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. வாய் எதையோ மெல்லுவதுபோல அசைகிறது. கை சொம்பின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருக்கிறது. ஒரு நிமிடத்தில் மீண்டுவிடுகிறான்; நடந்தது எதுவும் நினைவில் இல்லை. 'சூடு தலைக்கேறிடுச்சு' என்று வீட்டில் சொல்வார்கள். அது அப்படியொன்றும் தப்பான நோயறிதல் இல்லை.

இதற்கு வெந்நீர் வலிப்பு என்றே பெயர். மருத்துவ ஏட்டில் முதலில் பதிவானது 1945-இல், நியூசிலாந்திலிருந்து. ஆனால் உலகத்தில் இது அதிகமாகக் காணப்படும் இடம் நம் பெங்களூர், மைசூர் வட்டாரம்தான். ஓசூர் ரோட்டிலுள்ள நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் மருத்துவமனை) 1988-இல் 279 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டது. பெங்களூர் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் வீடு வீடாக நடத்திய கணக்கெடுப்பில் ஆயிரம் பேருக்கு 8.8 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் வெந்நீர் வலிப்புக்காரர்கள். சாமராஜநகர் பக்கம் எளந்தூரில் நரம்பியல் டாக்டர் கே.எஸ். மணி குழுவினர் பார்த்தபோது லட்சத்துக்கு 255 பேருக்கு வெந்நீர் வலிப்பு. பாதிக்கப்படுவதில் ஆண் பிள்ளைகள் அதிகம். அல்சூர், ஸ்ரீராமபுரம் தமிழ் வீடுகளின் எண்ணெய்க் குளியலும், கன்னடக்கார வீட்டு ஹண்டே (அண்டா) வெந்நீரும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். பக்கெட், சொம்பு, சூடு, தலை, வேகம்: பெரும்பாலும் இந்த ஐந்தும் சேர வேண்டும்.

எல்லா வலிப்புகளையும் விட்டுவிட்டு இதில் தொடங்கக் காரணம் உண்டு. மற்ற வலிப்புகளில் பெரும்பாலானவை எப்போது வரும் என்று தெரியாது. இதுவோ வரிசைப்படி நடக்கிறது. மூளைக்குள் எது முதலில் தோற்கிறது, எது எதை இழுத்துக்கொண்டு போகிறது என்று படிப்படியாகப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

வலிப்பு என்றால் 'மூளையில் கரண்ட் அதிகமாயிடுச்சு' என்று பொதுவாகச் சொல்கிறோம். கரண்டின் அளவைவிட அது ஒரே நேரத்தில் பாய்வதுதான் பிரச்சினை. சின்னசாமி ஸ்டேடியத்தில் ஆளுக்கொரு பேச்சு பேசும்போது வெளியே கேட்பது வெறும் இரைச்சல். அதே கூட்டம் ஒரே குரலில் 'ஆர்சிபி' என்று கத்தினால் கப்பன் பார்க் வரை கேட்கும். மூளையின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் ஈஈஜி சோதனைக்காகத் தலையில் ஒட்டும் மின்முனைக்கும் அப்படித்தான். சாதாரண நேரத்தில் அதற்குக் கேட்பது இரைச்சல். மூளையின் மேலடுக்கான புறணியில் ஆறேழு சதுர சென்டிமீட்டர் பரப்பிலுள்ள நியூரான்களாவது (நரம்பு செல்கள்) ஒன்றாகச் சுட்டால்தான் (மின்துடிப்பை அனுப்பினால்தான்) காகிதத்தில் கூரான முள்ளாகத் தெரியும். சில வலிப்புக்காரர்களின் ஈஈஜி நார்மலாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ரிப்போர்ட் நார்மல் என்பதற்காக நோய் இல்லை என்று யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ஒரு நியூரான் சும்மா இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். பக்கத்து நியூரான் குளுட்டமேட் என்ற ரசாயனத்தைத் தெளித்தால் அந்தப் பள்ளம் கொஞ்சம் மேடாகும். மைனஸ் 55 பக்கம் வந்துவிட்டால் சோடியம் வாசல்கள் படீரென்று திறந்து நியூரான் சுடும். ஒரு மில்லிசெகண்டுக்குள் அந்த வாசல்கள் தாமாகவே அடைத்துக்கொள்ளும். பொட்டாசியம் வெளியே போய்ப் பழைய பள்ளம் திரும்பும். குளுட்டமேட் 'சுடு' என்றால், காபா என்ற இன்னொரு ரசாயனம் 'பொறு' என்கிறது. குளோரைடை உள்ளே விட்டு நியூரானைப் பள்ளத்திலேயே பிடித்து வைக்கிறது. புறணியில் பத்து நியூரானில் எட்டு குளுட்டமேட் கட்சி, இரண்டுதான் காபா கட்சி. ஆனால் அந்த இரண்டும் நினைத்த நேரத்தில் நூற்றுக்கணக்கான அண்டை நியூரான்களின் கழுத்தைப் பிடிக்கக்கூடியவை. பிரேக் போடுகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு, வேலையோ ஓயாதது. இடைவிடாமல் படுவேகமாகச் சுட்டால்தான் அவர்களால் மற்றவர்களை அடக்க முடியும். ஆக, அசந்தால் முதலில் களைத்து விழுவதும் அவர்களே.

வலிப்பு கிளம்பும் இடத்தில் ஒரு நியூரானுக்குள் மின்முனை செருகிப் பார்த்தால் தெரிவது இது: ஒரு மில்லிசெகண்டில் முடிய வேண்டிய ஏற்றம் 50 முதல் 200 மில்லிசெகண்ட் வரை மேலேயே நிற்கிறது. அந்த மேட்டின்மேல் நியூரான் வரிசையாகப் பல முறை சுடுகிறது. குளுட்டமேட்டைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளில் என்எம்டிஏ என்று ஒரு வகை உண்டு. சாதாரணமாக அதன் வாயை மக்னீசியம் அடைத்திருக்கும். நியூரான் நீண்ட நேரம் மேட்டிலேயே நின்றால் அந்த அடைப்பு கழன்று கால்சியம் கொட்டும், மேடு இன்னும் நீளும். இது நடந்தாலும் பெரும்பாலும் ஆபத்தில்லை. சுற்றியிருக்கும் காபா நியூரான்கள் வேலிபோல நின்று தடுத்துவிடும். ஈஈஜியில் ஒரு முள் தெரியும். ஆளுக்கு ஒன்றும் தெரியாது.

வேலி எங்கே அறுகிறது? சுட்டுச் சுட்டு வெளியே வந்த பொட்டாசியம் நியூரான்களுக்கு இடையிலுள்ள இண்டு இடுக்கில் தேங்குகிறது. 3 மில்லிமோலார் இருக்க வேண்டியது 10, 12 வரை ஏறினால், சும்மா இருந்த அண்டை நியூரானுக்கும் பள்ளம் மேடாகிவிடும். இன்னொரு பக்கம், காபா ஓயாமல் குளோரைடை உள்ளே விட்டதால் நியூரானுக்குள் குளோரைடு நிரம்பிவிடுகிறது. அதை வெளியே இறைக்கிற கேசிசி2 என்ற பம்பு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது. உள்ளே நிரம்பிய பிறகு காபா வாசலைத் திறந்தால் குளோரைடு வெளியே ஓடும். அதாவது பிரேக்கை மிதித்தால் ஆக்சிலரேட்டர் வேலை செய்யும். பிறந்த குழந்தைகளிடம் இந்தப் பம்பு இன்னும் சரியாக வேலைக்கு வந்திருக்காது. காபாவைக் கூட்டும் ஃபீனோபார்பிட்டோன் பச்சிளங்குழந்தைகளின் வலிப்பில் பல சமயம் எதிர்பார்த்த அளவு கேட்காமல் போவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

சரி, வெந்நீருக்கு வருவோம். சூடு இந்தக் கணக்கைப் பல பக்கமும் கலைக்கிறது. வெப்பம் கூடினால் அயனி வாசல்கள் திறப்பதும் மூடுவதும் வேகமாகிவிடும். சூட்டில் மூச்சு வேகமாக வாங்கினால் கார்பன் டையாக்சைடு வெளியேறி ரத்தம் காரத்தின் பக்கம் சாயும். காரம் நியூரான்களைத் தூண்டும், அமிலம் அடக்கும். ஈஈஜி அறையில் டெக்னீஷியன் 'மூணு நிமிஷம் நல்லா ஊதுங்க' என்று சொல்வது இதற்காகத்தான். சிறு பிள்ளைகளுக்கு வரும் 'வெறிச்சுப் பார்க்கிற' வலிப்பு அந்த மூன்று நிமிடத்துக்குள் பல சமயம் அகப்பட்டுவிடும்.

மரபணுவும் இதில் உண்டு. வெந்நீர் வலிப்புக் குடும்பங்களை நிம்ஹான்ஸும், ஜக்கூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து ஆராய்ந்தபோது சிலரிடம் எஸ்எல்சி1ஏ1 என்ற மரபணுவில் அபூர்வ மாற்றங்கள் கிடைத்தன. தெளித்த குளுட்டமேட்டை நியூரானுக்குள் திரும்ப வாரிக்கொள்ளும் புரதத்துக்கான மரபணு அது. பிரேக் நியூரான்களுக்கு அந்தப் புரதம் இரட்டை வேலை செய்கிறது. வாரிய குளுட்டமேட்டிலிருந்துதான் அவை காபா தயாரிக்கின்றன. எல்லாக் குடும்பத்துக்கும் இது ஒன்றே விடை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சூட்டுக்கும் பிரேக்குக்கும் உள்ள தொடர்பு இன்னும் துல்லியமாகத் தெரிவது டிராவே என்ற கடுமையான குழந்தை வலிப்பில். எஸ்சிஎன்1ஏ மரபணு பழுதானால் சோடியம் வாசல் குறையும். சோடியம் வாசல் குறைந்தால் நியூரான் சுடுவதும் குறைய வேண்டும்தானே? ஆனால் அந்த வாசலை அதிகம் நம்பியிருப்பவை காபா நியூரான்கள். அவை வாயடைத்துப் போக, மற்றவை கட்டவிழ்ந்து ஓடும். லேசான காய்ச்சலோ சூடான குளியலோ போதும், வலிப்பு வந்துவிடும். இந்தக் குழந்தைகளுக்கு கார்பமாசிபின் போன்ற, சோடியம் வாசலை அடைக்கும் மாத்திரை கொடுத்தால் மிச்சமிருக்கும் பிரேக்கும் போய்விடும்.

நிம்ஹான்ஸ் ஆய்வகத்தில் எலிகளின் தலையில் வெந்நீர் ஊற்றிப் பார்த்தார்கள். முதல் தடவை வலிப்பு வர உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டியிருந்தது. திரும்பத் திரும்ப ஊற்றியபோது குறைந்த வெப்பத்திலேயே, சீக்கிரமாகவே வந்தது. நீண்ட நேரம் நீடிக்கவும் செய்தது. சுள்ளி பற்றிக்கொள்வது போல, ஒவ்வொரு வலிப்பும் அடுத்ததற்கு வழி செய்து வைக்கிறது. மனிதர்களிலும் வெந்நீர் வலிப்புக்காரர்களில் கால்வாசிக்குச் சற்றுக் கூடுதலானோருக்குப் பிறகு வெந்நீரே இல்லாமலும் வலிப்பு வரத் தொடங்குகிறது. 'குளிக்கும்போதுதானே வருது' என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இந்த எலிகளே சாட்சி.

இனி குளியலறை. வலிப்பைத் தூண்டும் தண்ணீரின் சூடு பெரும்பாலும் 40 முதல் 50 டிகிரி வரை. கீசர் தொட்டிக்குள்ளோ தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டியும் இருக்கலாம். பச்சைத் தண்ணீர் கலந்து 'கை பொறுக்கிற சூடு' என்று நாம் நினைப்பதே சில சமயம் 43, 44 இருக்கும். டிசம்பர் மாதத்துப் பெங்களூர் குளிரில் கைக்கு அது இதமாகத்தான் தெரியும். தெர்மாமீட்டர் போட்டு உடல் வெப்பத்தை ஒட்டி, 37-க்குள் வைத்துக்கொள்வது நல்லது. உடம்புக்கு முதலில் ஊற்றுங்கள், தலைக்குக் கடைசியில், நிதானமாக, இடைவெளி விட்டு. தலைக்கு ஊற்றுவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைத்தாலும் சரி. இதற்கும் கேட்காவிட்டால், தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும் குளியலுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் க்ளோபசாம் மாத்திரை ஒன்று எழுதித் தருவார்கள். தினசரி மாத்திரை இல்லாமலே பலருக்கு இது போதும். எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கதவைத் தாழ் போட வேண்டாம். பக்கெட்டில் ஹீட்டர் ராடு போட்ட நிலையில் குளிக்கவே வேண்டாம். இன்னொன்று: சிலருக்கு அந்த நிலை சுகமாக இருப்பதால் வலிப்பு தொடங்கிய பிறகும், சில சமயம் வேண்டுமென்றேயும், சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பிடிவாதம் என்று பிள்ளையைத் திட்டுவதற்குமுன் இதையும் யோசியுங்கள்.

குளியலறையில் மயங்கிக் கிடந்தால் எல்லாம் வலிப்பு இல்லை. காற்றோட்டமில்லாத சின்ன பாத்ரூமில் காஸ் கீசர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அது வாசனையே இல்லாத விஷம். மயக்கம் வரும், கை கால் வெட்டலும் வரும். வலிப்பு என்று சீட்டு எழுதி வருடக்கணக்கில் மாத்திரை தின்றவர்கள் உண்டு. உங்கள் வீட்டில் எந்தக் கீசர் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

வெந்நீரும் இல்லை, மரபணுவும் இல்லை, முப்பது வயதில் திடீரென்று ஒரு கை வெட்டி இழுக்கிறது என்றால், நம் நாட்டில் முதலில் தேட வேண்டியவற்றில் ஒன்று நாடாப்புழுவின் நீர்க்கட்டி. 'நாங்க சுத்த சைவம், எங்களுக்கு எப்படி?' என்பார்கள். சரியாக வேகாத பன்றிக்கறி தின்றால் குடலில் நாடாப்புழு வரும். மூளைக்குள் கட்டி வருவது புழுவின் முட்டையால். முட்டை வருவது புழு இருக்கும் இன்னொருவரின் மலத்திலிருந்து, கழுவாத கை வழியாக, கொத்தமல்லி வழியாக. கட்டி உயிரோடு இருக்கும்வரை உடலின் காவலுக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளாது. அது சாகும்போதுதான் சுற்றிலும் வீக்கம். ரத்தக் குழாய்ச் சுவர் கசிந்து ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் மூளைக்குள் இறங்க, பொட்டாசியத்தைத் துடைத்து எடுக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் அந்த வேலையை விட்டுவிடும். மேலே சொன்ன அதே பொட்டாசியத் தேக்கம்தான், வேறு வழியில் வந்திருக்கிறது. புழுவைக் கொல்லும் அல்பெண்டசோலுடன் ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுப்பது ஏன் என்பதும் இதிலேயே விளங்கும். மொத்தமாகச் செத்தால் வீக்கமும் மொத்தமாக வரும்.

வலிப்பு தொடங்குவதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், அது எப்படி நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததால்தான் வலிப்பை நிறுத்திய பெயரைக் கையில் திணிக்கும் இரும்புச் சாவி தட்டிக்கொண்டு போகிறது. பெரிய வலிப்பைக் கவனித்துப் பாருங்கள். முதல் பத்து, இருபது விநாடி உடம்பு கட்டைபோல விறைக்கும். அது பிரேக்கே இல்லாத நேரம். பிறகு வெட்டத் தொடங்கும். ஒவ்வொரு வெட்டும் நியூரான்கள் கூட்டாக ஒருமுறை சுடுவது. இரண்டு வெட்டுக்கு நடுவிலுள்ள இடைவெளி, பிரேக் பிடித்துப் பார்க்கும் நேரம். அந்த இடைவெளி அகன்றுகொண்டே போய்க் கடைசி வெட்டுக்குப் பிறகு எல்லாம் அடங்கும். பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அடக்குவது எது? நியூரான்கள் எரிபொருளைத் தீர்த்த சாம்பலாக அடினோசின் சேர்கிறது, அது நல்ல அமைதிப்படுத்தி. லாக்டிக் அமிலமும் கார்பன் டையாக்சைடும் சேர்ந்து அமிலமாக்க, என்எம்டிஏ வாசல்கள் மூடுகின்றன. அதாவது நெருப்பின் புகையே நெருப்பை அணைக்கிறது. வலிப்புக்குப் பின் வரும் அடித்துப்போட்ட தூக்கம் அந்தப் புகைதான். இதெல்லாம் நடக்கிற அதே ஒன்றரை நிமிடத்தில் யாரோ ஓடிப்போய் இரும்புச் சாவி தேடி எடுத்துவந்து கையில் திணிக்கிறார்கள். சாவி வந்த நேரமும் வலிப்பு நிற்கும் நேரமும் ஒத்துப்போகிறது.

மாத்திரைகளில் ஒவ்வொன்றும் ஒரு வாசலைப் பிடிக்கிறது. ஃபெனிடாயின், கார்பமாசிபின் இரண்டும் சோடியம் வாசல் அடைத்திருக்கும் நிலையில் அதைப் பற்றிக்கொள்ளும். மெதுவாகச் சுடும் நியூரான் இவற்றை உணராது. வெறிபிடித்துச் சுடுகிறவன்தான் மாட்டுவான். லெவெட்டிரசெட்டாம் குளுட்டமேட் பைகள் தெளிக்கிற இடத்தில் வேலை செய்கிறது. எது சிறந்தது என்று கேட்பதில் அர்த்தமில்லை, எந்த வலிப்புக்கு என்றுதான் கேட்க வேண்டும். காலையில் காபி டம்ளர் கையிலிருந்து துள்ளி விழுகிறது, பல் தேய்க்கும்போது பிரஷ் பறக்கிறது, நைட் ஷிப்ட் முடித்த மறுநாள் ஒரு பெரிய வலிப்பு. பதினைந்து, இருபது வயதில் இப்படி வந்தால் அது பெரும்பாலும் இளம்பருவத் துள்ளல் வலிப்பு. டம்ளர் விஷயத்தை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. கைநடுக்கம், பலவீனம் என்று விட்டுவிடுகிறார்கள். சொல்லாததால் கார்பமாசிபின் எழுதப்பட்டுத் துள்ளல் கூடிய கதைகள் ஏராளம்.

ஃபெனிடாயினுக்கு ஒரு விஷமம் உண்டு. ஒரு அளவுக்குமேல் கல்லீரலால் அதைச் சிதைக்க முடியாது. 300 மில்லிகிராமில் சரியாக இருந்தவருக்கு 400 ஆக்கினால் ரத்தத்தில் அளவு மூன்றில் ஒரு பங்கு மட்டும் கூடாது, பல மடங்கு தாவலாம். குடித்தவர்போலத் தள்ளாடுவார்கள், கண் ஆடும். 'நேத்து ஒண்ணு மறந்துட்டேன், இன்னிக்கு ரெண்டு போட்டுக்கிறேன்' என்று சொந்தமாகக் கணக்குப் போடுவது இந்த மாத்திரையில் வேலைக்காகாது. லெவெட்டிரசெட்டாம் நேர் எதிர்: ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் பாதி கரைந்துவிடும். காலை வேளையைத் தவறவிட்டால் மாலைக்குள் ரத்தத்தில் பெரிதாக எதுவும் மிச்சமிருக்காது. ஃபீனோபார்பிட்டோன், க்ளோபசாம் போன்றவற்றைத் தினமும் எடுக்கும்போது மூளை தன் சொந்த பிரேக்கைத் தளர்த்திக்கொண்டுவிடும். ஒரே நாளில் நிறுத்தினால் அந்தத் தளர்ந்த பிரேக்குடன் மூளை தனியாக நிற்கும். சபரிமலைக்கு மாலை போட்டேன், நாட்டு மருந்து ஆரம்பித்தேன் என்று சட்டென்று நிறுத்துகிறவர்களுக்கு வரும் வலிப்பு பழைய வலிப்பைவிட மோசமாக இருப்பதன் காரணம் இது.

எந்த பிரேக்கும் பிடிக்காமல் ஐந்து நிமிடம் தாண்டினால் நிலைமையே வேறு. காபா ஏற்பிகளை நியூரான் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். என்எம்டிஏ ஏற்பிகள் மேலே வரும். நிமிடத்துக்கு நிமிடம் மருந்து பிடிக்க வேண்டிய கொக்கிகள் குறைகின்றன. முதல் சில நிமிடங்களில் ஒரு டோஸில் நிற்கும் வலிப்பு, அரை மணி கழித்து ஆம்புலன்ஸ் வந்தபின் அதே டோஸுக்குக் கேட்காது. பெங்களூர் டிராபிக்கை வைத்துப் பார்த்தால் மருந்து வீட்டிலேயே இருந்தாக வேண்டும். அதற்காகத்தான் மூக்கில் அடிக்கும் மிடசோலாம் ஸ்பிரே. பொதுவான அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், பத்து கிலோ குழந்தைக்கு 2 மில்லிகிராம். இங்கே தவறு நடப்பது ஒரே இடத்தில்: கடையில் ஒரு அழுத்துக்கு 0.5 மில்லிகிராம் வருவதும் உண்டு, 1.25 வருவதும் உண்டு. முதலாவதில் அந்தக் குழந்தைக்கு நாலு அழுத்து, இரண்டாவதில் நாலு அடித்தால் 5 மில்லிகிராம் ஆகிவிடும். டாக்டரிடம் மில்லிகிராமையும் அழுத்து எண்ணிக்கையையும் சேர்த்து எழுதி வாங்கி, பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். புதுப் பாட்டிலை வலிப்பு நேரத்தில் முதல்முறையாகத் திறந்தால் முதல் சில அழுத்தில் வெறும் காற்றுதான் வரும். வாங்கியதும் சிங்க்கில் அழுத்திப் பார்த்து வையுங்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், இரண்டு மூக்குத் துவாரத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரித்து அடியுங்கள். அடித்த பிறகும் நிற்காவிட்டாலோ, மூச்சு மந்தமானாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். மணி பார்ப்பதற்கென்றே வீட்டில் ஒருவரைச் சொல்லி வையுங்கள். பதற்றத்தில் ஒன்றரை நிமிடமே பத்து நிமிடமாகத் தெரியும்.